முதுமையில் வேர் சிகிச்சை: பல்லைக் காக்க வயது தடையன்று

“எழுபது வயதாகிவிட்டது, இனி எதற்கு வேர் சிகிச்சை? பிடுங்கிவிடுங்கள்.” கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலிருந்து பெரியவர்களை அழைத்து வரும் குடும்பத்தினர் பலர் எங்களிடம் இவ்வாறு கூறுவதுண்டு. ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சைக்கு வயது வரம்பு இல்லை. பல்லைத் தாங்கும் எலும்பு உறுதியாக இருந்து, எஞ்சிய பல்லின்மேல் உறை பொருத்த இயலுமானால், அப்பல்லைக் காப்பதே நன்று. உணவை மென்று உண்பதற்கும், பின்னாளில் பல்செட்டுக்குப் பிடிமானமாக அமைவதற்கும் அது உதவும்.

வலி இல்லாவிடினும் நோய் இருக்கலாம்

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் உள்ளது. வாழ்நாள் முழுவதும் உட்புறச் சுவர் சிறிது சிறிதாகத் தடிப்பதால், முதுமையில் வேர்க்கால்வாய் குறுகிவிடுகிறது, நரம்பிழைகளும் குறைகின்றன. ஆகவே சொத்தை ஆழமாகப் பரவினாலும் கடும் வலி தோன்றாமற் போகலாம். ஈறில் சிறு கொப்புளம், சீழ்க்கசிவு, ஒரே பக்கமாக மெல்லுதல் ஆகியவற்றைக் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும். குறுகிய கால்வாயைக் கண்டறியக் கூடுதல் எக்ஸ்ரே படங்களும், சில வேளைகளில் கூடுதல் அமர்வுகளும் தேவைப்படும்.

மருந்துகளைத் தாமாக நிறுத்த வேண்டா

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்தினால் பக்கவாதமோ மாரடைப்போ நேரக்கூடும். வேர் சிகிச்சையில் இரத்தக்கசிவு குறைவு என்பதால், பெரும்பாலும் அம்மருந்தை நிறுத்தத் தேவையில்லை. எலும்புத் தேய்மானத்திற்கோ புற்றுநோய்க்கோ சொலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்து பெற்றவர்களுக்குப் பல்லைப் பிடுங்கியபின் தாடையெலும்பு ஆறாமற்போகும் அபாயம் உண்டு. இவர்களுக்கு வேர் சிகிச்சையே பாதுகாப்பானதாக அமைவது வழக்கம். நீரிழிவு உள்ளோர் காலை உணவும் வழக்கமான மருந்தும் எடுத்துக்கொண்டு முற்பகலில் வருவது நலம். எல்லா மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டு வாருங்கள்.

எங்கு அணுகலாம்?

அண்ணாமலைநகரில் 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, இன்று அரசுக் கல்லூரியாக இயங்கும் நிறுவனத்தில் வேர் சிகிச்சைக்கெனத் தனித்துறை உள்ளது.

சிகிச்சை முடிந்தபின் கடைவாய்ப் பல்லுக்கு உறை பொருத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள். உறையில்லாத பல் எளிதில் பிளந்துவிடும். முகவீக்கம், காய்ச்சல், விழுங்குவதில் சிரமம் ஆகியவை தோன்றினால், அடுத்த அமர்வு வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.