கடைக்காரர் கொடுத்த கடவுள்!

"அண்ணாச்சி, காலண்டர் வந்துட்டுதா? முருகன் படம் போட்டதாப் பார்த்துக் குடுங்க!"

ஆண்டு முடியும் நேரத்தில் எந்த ஊர் மளிகைக் கடையிலும் கேட்கும் குரல் இது. திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டையும் இதற்கு விலக்கு அல்ல.

மேலே வேலோடு முருகன். கீழே கடையின் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர். பார்க்கப் போனால் இது வெறும் விளம்பரம்தான்.

ஆனால், வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? அம்மா அதை ஆணியில் மாட்டுகிறார். சாமியின் நெற்றியில் குங்குமம் வைக்கிறார். பூச் சூட்டுகிறார். விளம்பரம் சாமி ஆகிவிடுகிறது!

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

ரவிவர்மா படம்

ஒரு காலத்தில் நல்ல சாமி ஓவியங்கள் அரண்மனையிலும் பணக்காரர் வீட்டிலும்தான் இருந்தன. ஓவியர் ராஜா ரவிவர்மா 1894-ம் ஆண்டில் மும்பையில் அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணப் படங்களாகி, குறைந்த விலையில் சாதாரண வீடுகளுக்கும் வந்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் இதைக் கவனித்தார்கள். மருந்தின் பெயர் மட்டும் போட்ட காகிதத்தை மக்கள் கசக்கி எறிவார்கள். சாமி படத்தை எறிவார்களா? குழந்தைகளுக்கான உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விளம்பரத்தில் குழந்தைக் கண்ணன் வந்தது இப்படித்தான்.

வீட்டுப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. அச்சுப் படத்தில் சாமியின் சேலை மீது உண்மையான துணியை ஒட்டினார்கள். கரைக்குச் சரிகை, நகைக்கு மணி, மின்னுவதற்கு ஜிகினா! பிறகு கண்ணாடி போட்டு மாட்டினார்கள். பழைய விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டி, துணியும் வண்ணமும் சேர்த்து, பக்தியைச் சொல்லும் ஓவியம் செய்கிறவர்கள் இன்று நகரங்களில் இருக்கிறார்கள். பாட்டிமார் அதை எந்தப் பெயரும் வைக்காமலே செய்துவிட்டார்கள்.

நாடகத் திரையில் இருந்து...

தமிழ்நாட்டுக் காலண்டர் படங்களுக்கு வழி காட்டியவர் சி.கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். துறவு மனத்தோடு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் தங்கியவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். கடைசியில் கோவில்பட்டியில் தங்கி, டி.எஸ்.சுப்பையா முதலிய சீடர்களைத் தயார் செய்தார். 1976-ல் மறைந்தார்.

இந்தப் படங்களில் சாமி பக்கவாட்டில் திரும்பி நிற்பது அபூர்வம். நாடகத் திரை விலகியதும் நடிகர் நம் எதிரே நிற்பது போல, நேராக நம்மைப் பார்க்கிறார். பின்னால் மலை, அருவி, தாமரைக் குளம். கும்பிடுகிறவருக்கு அந்தப் பார்வைதானே வேண்டும்!

கதவு திறந்தது

கோவில்பட்டியில் எழுதிய படங்கள் அச்சானது பக்கத்துச் சிவகாசியில். அந்த ஊருக்கு ஒரு பழைய காயம் உண்டு. அங்குள்ள சிவன் கோவிலுக்குள் நாடார் சமூகத்தார் நுழையக் கூடாது என்று ஒரு காலத்தில் தடுத்தார்கள். அந்தத் தகராறு 1899-ல் பெரும் கலவரமாக மூண்டது. வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின.

பின்னர் அதே ஊரில் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. தீப்பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டுமே! அச்சகங்கள் பெருகின. அச்சகங்களில் இருந்து காலண்டர் வந்தது. கோவில் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் ஊரே, நாடெங்கும் சாமி படம் அனுப்பும் ஊர் ஆகிவிட்டது!

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி. அதற்கு முன்பே ஏழைக் குடிசைக்குள் மீனாட்சி படமாக வந்து நின்றிருக்கிறாள். காகிதத்தில் வந்த சாமி யாரிடமும் சாதி கேட்கவில்லை.

மதமும் கேட்கவில்லை. அதே சிவகாசியில் மெக்காவும் நாகூர் தர்காவும் அச்சாகின்றன. வேளாங்கண்ணி மாதாவும் அச்சாகிறாள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு மாதிரிப் படங்களின் ஆல்பம் வெளியாகிறது. எந்தப் படம் வேண்டும் என்று கடைக்காரர் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்.

ஆண்டு முடிந்தால்?

டிசம்பர் 31 வந்தால் காலண்டரின் வேலை முடிந்தது. ஆனால், சாமியின் வேலை முடியுமா? இங்கேதான் வீடுதோறும் தர்மசங்கடம்.

சிலர் கடைப் பெயரைக் கத்தரித்துவிட்டு, படத்துக்குச் சட்டம் போடுகிறார்கள். சிலர் கோவில் மரத்தடியில் வைக்கிறார்கள். குப்பையில் போட மட்டும் கை வருவதில்லை.

கடைக்காரர் கொடுத்தது காகிதம். கொடுத்த காரணம் வியாபாரம். ஆனால் ஓர் ஆண்டு முழுவதும் அதன் முன் நின்று, பிள்ளையின் காய்ச்சல் தீரவும், மகளுக்கு வரன் அமையவும் வேண்டியிருக்கிறார்கள். அதன் பிறகும் அது காகிதம்தானா?

பழையதைக் கழற்ற மனம் வராமல், அதன் மேலேயே புதியதை மாட்டும் வீடுகள் உண்டு. ஆணி ஒன்று. அதில் பத்து ஆண்டுச் சாமிகள்!