எழுத்தை அழித்தாலும் தெரியும் பெயர்

ஃபார்முலா ஒன் கார் ஒன்றின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். நேர்ப்பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அது நொடிக்கு 83 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. ஓரமாக நிற்பவரின் கண்ணெதிரே மூக்கு முதல் வால் வரை முழுக் காரும் கடந்துபோக ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்தக் காரின் உடம்பெங்கும் எண்ணெய், வங்கி, கைக்கடிகாரம், மென்பொருள் என்று நிறுவனப் பெயர்கள். எல்லாம் கோடிகளைக் கொட்டி வாங்கிய இடங்கள். அருகில் நிற்பவரால் அவற்றில் ஒன்றைக்கூட வாசிக்க முடியாது.

குறை கண்ணின் அமைப்பில் இருக்கிறது. விழித்திரையில் எழுத்தைக் கூர்மையாகக் காணும் நடுக்குழி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் எல்லை. நகரும் எழுத்தைப் படிக்க, அது அந்தக் குழியிலேயே விழும்படி விழியும் கூடவே சுழல வேண்டும். நொடிக்கு 30 பாகை வரை விழி சிரமமின்றித் தொடரும். 100 பாகையை நெருங்கும்போது திணறிவிடும். பத்து மீட்டர் தள்ளிப் பாயும் பந்தயக் காரைத் தொடர்வதற்கோ நொடிக்கு 470 பாகைக்கு மேல் வேண்டும். ஒரே தாவலாகத் தாவிப் பிடிக்கலாம் என்றால், விழி தாவத் தொடங்கவே ஐந்தில் ஒரு நொடி ஆகிவிடும். அதற்குள் கார் 16 மீட்டருக்கு மேல் போயிருக்கும்.

ஆனால் ஒன்றுமே தெரியாமல் போவதில்லை. கார் கிடைமட்டமாக ஓடுவதால் பிம்பமும் கிடைமட்டமாகவே இழுபடுகிறது. எழுத்துகளின் செங்குத்துக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கரைந்துவிடும். கிடைக்கோடுகளும், அகன்ற வண்ணப் பரப்புகளும் தப்பிவிடும். பெயர் போய்விடும், நிறம் நிற்கும். இந்த ஒரு வரியில்தான் பந்தயக் கார் விளம்பரத்தின் சூட்சுமமும் சூதும் இருக்கின்றன.

பெயர்கள் உண்மையில் எழுதப்படுவது கேமராவுக்காக. கேமராக்காரர் தொலைவில் நின்று, நீண்ட லென்ஸ் வழியாகக் காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்புகிறார். கார் திரை நடுவே அசையாமல் நிற்க, பின்னணிதான் ஓடி மங்குகிறது. விழி செய்ய முடியாத சுழற்சியைக் கேமரா செய்து கொடுத்துவிடுவதால், வீட்டில் சோபாவில் சாய்ந்திருப்பவர் எல்லாப் பெயரையும் நிதானமாக வாசிக்கிறார். பின் இறக்கையின் விலை அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம். துரத்தி வரும் காரில் உள்ள கேமராவுக்கு முன்னே தெரிவது அதுதான்.

இவ்வளவும் 1968இல் தொடங்கிய வழக்கம். அதற்கு முன் கார்கள் நாட்டின் நிறத்தையே அணிந்தன: பிரிட்டனுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். 1968 ஜனவரி முதல் தேதி, தென்னாப்பிரிக்கப் பந்தயத்தில் ஜான் லவ் ஓட்டிய பிராபம் கார் 'கன்ஸ்டன்' சிகரெட்டின் வண்ணத்தில் இறங்கியது. அதே ஆண்டு மே மாதம் ஸ்பெயினில், 'கோல்ட் லீஃப்' சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறம் பூண்ட லோட்டஸ் காரில் கிரஹாம் ஹில் வென்றார். நாட்டின் நிறம் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் நிறம் ஏறிக்கொண்டது.

பிறகு ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகப் புகையிலை விளம்பரத்துக்குத் தடை போட்டன. சட்டம் குறிவைத்தது பெயரை. அணிகளும் பெயரை மட்டும் எடுத்தன. 'வெஸ்ட்' சிகரெட்டின் பணத்தில் ஓடிய மெக்லாரன் அணி, தடை உள்ள இடங்களில் அதே எழுத்துருவில் ஓட்டுநர்களின் பெயரை, மிகா என்றும் டேவிட் என்றும் எழுதியது. 'பென்சன் அண்ட் ஹெட்ஜஸ்' பணம் பெற்ற ஜோர்டான் அணி, அந்தப் பெயரிலிருந்து சில எழுத்துகளை உருவிவிட்டு 'பீ ஆன் எட்ஜ்' என்று ஒட்டியது. மஞ்சள் நிறமும் எழுத்தின் சாயலும் அப்படியே. மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்ளும். பழகிய உருவத்தில் பாதியைக் காட்டினால் முழுதையும் கண்டுவிடுவது அதன் இயல்பு. இந்தச் சாமர்த்தியத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை, விற்ற பொருள் வேறாக இருந்திருக்கலாம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் நுழைந்ததும் இந்த ஜோர்டானின் மஞ்சள் காரில்தான்.

உச்சம் ஃபெராரி அணி. மார்ல்பரோ சிகரெட்டின் பெயர் காரிலிருந்து மறைந்த பிறகு, அந்த இடத்தில் சிவப்பு, வெள்ளை, கறுப்பில் பார்கோடு ஒன்று வந்தது. ஓடும் காரில் அது மார்ல்பரோ பெட்டியின் அடிப்பாகம் போலவே தெரிகிறது, மனத்தின் அடியாழத்தைக் குறிவைக்கும் விளம்பரம் இது என்று 2010இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் குற்றம் சாட்டினார்கள். ஃபெராரி மறுத்தது. ஆனாலும் அந்த மே மாத ஸ்பெயின் பந்தயத்திலேயே பார்கோடு காணாமல் போனது. செங்குத்துக் கோடுகள் வேகத்தில் கலந்துவிடும் என்பதை மேலே பார்த்தோம். பார்கோடு என்பது செங்குத்துக் கோடுகள் மட்டுமே.

என் கட்சி மருத்துவர்கள் பக்கம். வேகமாக ஓடும் பொருளில் நிறம்தான் பெயர் என்றால், பெயருக்கு மட்டும் தடை போடுவது பாதித் தடை. இந்த விஷயத்தில் நம் நாட்டு விதி விவரமானது. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த விதிகளின்படி, ஒரு புகையிலைப் பொருளோடு சேர்த்து நினைக்கப்படும் நிறத்தையும் வடிவமைப்பையும் பயன்படுத்துவதே மறைமுக விளம்பரம்தான்.