நுங்கம்பாக்கத்தில் சிக்கிய சிறுகோள்கள்

நார்மன் ராபர்ட் போக்சன் கண்டுபிடித்த சிறுகோள்கள் 8. அவற்றில் ஐந்து சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் சிக்கியவை.

1829இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தபோதே 1856, 57இல் ஐசிஸ், அரியாட்னி, ஹெஸ்டியா ஆகிய மூன்றையும் கண்டுபிடித்துவிட்டார். வானியலுக்குப் புகைப்படம் கைகொடுக்காத காலம் அது. தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் விண்மீன் வரைபடத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி மறுநாள் இரவு நகர்ந்திருந்தால் சிறுகோள். நகராவிட்டால், வரைபடம் போட்டவர் விட்டுவிட்ட விண்மீனாகவோ ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீனாகவோ இருக்கலாம். போக்சன் பெயரில் மாறொளிர் விண்மீன்களும் பல இருப்பதில் வியப்பில்லை.

அவருடைய பெயரை நிலைக்கவைத்த அளவுகோலும் இந்தத் தேடலில் பிறந்ததுதான். 36 சிறுகோள்கள் 1857இன் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்று 1856இல் கணக்கிட்டபோது, ஒளித்தரத்துக்கு உறுதியான எண் தேவைப்பட்டது. முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைவிட ஏறத்தாழ நூறு மடங்கு ஒளி மிக்கது என்பது முன்பே தெரியும். அதைச் சரியாக 100 என்றே வைத்துக்கொண்டால் ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.512 மடங்கு வருகிறது. மடக்கைக் கணக்கும் எளிதாகிறது. இன்றைய விண்வெளித் தொலைநோக்கிகளும் இதே அளவுகோலில்தான் ஒளியை அளக்கின்றன.

வானாய்வகப் பொறுப்பேற்று 1861இல் மதராஸ் வந்த சில மாதங்களுக்குள், ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோள் கிடைத்தது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறிந்த முதல் சிறுகோள் என்பதால் அதன் பெயரே ‘ஆசியா’. அடுத்து சாப்போ, சில்வியா, கமிலா. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1885இல் வேரா. சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டென்று 2005இல் தெரியவந்தது.

வானாய்வகத்தில் அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். 1873 முதல் போக்சனின் மகள் ஐசிஸும் உதவியாளரானார். லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க 1920 வரை ஆயிற்று.

1872 நவம்பர் இறுதியில் ஜெர்மனியிலிருந்து வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ் போக்சனுக்கு அனுப்பிய தந்தி வினோதமானது. பியலா வால்மீன் பூமியை உரசிச் சென்றிருக்கிறது, சென்டாரஸ் மண்டலத்தில் தேடுங்கள் என்றது அது. போக்சன் தேடினார், டிசம்பர் 2, 3 ஆகிய இரு நாள்களில் ஒரு வால்மீன் தெரிந்தது. அது பியலா இல்லை என்று பிற்காலக் கணக்குகள் காட்டின.

நாடு திரும்பாமல் பதவியில் இருந்தபடியே 1891 ஜூனில் போக்சன் மதராஸில் காலமானார். அச்சேறாமல் குவிந்து கிடந்த அவருடைய பதிவுகளை வெளியிடும் பொறுப்பு அடுத்து வந்த மிச்சி ஸ்மித்திடம் போய்ச் சேர்ந்தது.