செம்பனை ஆலையும் வீட்டுக் குக்கரும்

மாணவர்களே, குக்கரில் பருப்பு வேக வைக்கும்போது அம்மா உடனே விசிலைப் போடுவதில்லை. மூடியின் துளை வழியாக நீராவி சீராக வெளிவந்த பிறகே போடுவார். ஏன் இந்தக் காத்திருப்பு? விடை உங்கள் வட்டாரத்துச் செம்பனை ஆலையில் இருக்கிறது.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. அதை உருவாக்கியவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர்.

ஆலைக்கு வரும் செம்பனைக் குலைகள் முதலில் நீராவியில் வேக வைக்கப்படுகின்றன. வழக்கமான ஆலைகளில், குலைகள் நிறைந்த வண்டிகளை நீண்ட இரும்பு உருளைக்குள் தள்ளிக் கதவை இறுக மூடுவார்கள். உள்ளே நீராவியின் அழுத்தம் சுமார் 3 பார்; வெப்பநிலை ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ். இந்த வெப்பத்தில் பழங்கள் குலையிலிருந்து எளிதில் உதிரும். எண்ணெயைக் கெடுக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் செயலிழக்கும்.

ஆனால், அதற்கு முன் உருளையில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்றும் நீராவியும் கலந்திருந்தால், அழுத்தமானி காட்டும் அளவில் ஒரு பங்கு காற்றினுடையது. நீராவியின் பங்கு குறைவதால் வெப்பநிலையும் குறையும். முள் சரியாக நின்றாலும் குலையின் நடுப்பகுதி சரியாக வேகாது.

குக்கரிலும் இதே கதைதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை சுமார் 120 பாகைக்கு உயரும். பருப்பு விரைவில் வேகக் காரணம் இதுவே. காற்று வெளியேறும் முன் விசிலைப் போட்டால் அந்த வெப்பநிலை முழுமையாகக் கிடைக்காது.

அடுத்த கேள்வி: விசில் வந்த பிறகும் அடுப்பு பெரிதாக எரிய வேண்டுமா? வேண்டாம். விசிலின் எடைதான் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. தீயைக் கூட்டினால் வெப்பநிலை உயராது. நீராவிதான் கூடுதலாக வெளியேறும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கச் சுமார் 290 கிலோஜூல் போதும். அதே தண்ணீர் முழுவதையும் ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் தேவை. ஏறக்குறைய எட்டு மடங்கு! வீணாகும் நீராவியோடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவும் போகிறது.

ஒரு பொறியியலாளரைப்போல் நீங்களும் சோதித்துப் பாருங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க, ஒரே அளவு பருப்பையும் தண்ணீரையும் எடுத்து இரண்டு நாள் சமையுங்கள். முதல் நாள் தீ பெரிதாகவே எரியட்டும். மறுநாள், முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறையுங்கள். மொத்த நேரம் மாறக் கூடாது. வேறு எதையும் மாற்றவும் கூடாது. பருப்பு எப்படி வெந்தது, எத்தனை விசில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 1679-இல் அழுத்தப் பாத்திரத்தை உருவாக்கிய டெனிஸ் பாப்பான், வெடிப்பைத் தடுக்கப் பாதுகாப்பு வால்வையும் அதில் பொருத்தினார். உங்கள் குக்கரிலும் மூடியின் துளை அடைபட்டிருக்கக் கூடாது. மூடும் முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுரைக்கும் பருப்பு வகைகளைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அழுத்தம் முழுவதும் அடங்கும்வரை மூடியைத் திறக்க முயலாதீர்கள்.