நாரி நோவும் நாங்களும்

ரொறன்ரோத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எம்மவரிடம் "நாரி நோகுதோ?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்பவர் குறைவு. பெட்டி தூக்குகிறோம். 8 மணித்தியாலம் சீமெந்துத் தரையில் நிற்கிறோம். நோ வந்தால் எண்ணெய் பூசி, குளிசை போட்டுக்கொண்டு மறுநாளும் போகிறோம்.

எங்களோடு வேலை செய்த ஒருவருக்கு நாரி நோ காலுக்கு இறங்கியது. பிறகு சலம் போவது கஷ்டமானது, இருக்கிற இடம் விறைத்து உணர்ச்சியில்லாமல் போனது. வைத்தியரிடம் மொழிபெயர்க்க 12 வயது மகளைக் கூட்டிப்போனார். பிள்ளைக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? "நாரி நோ" என்று மட்டும் சொல்லிக் குளிசையோடு திரும்பினார். நாலாம் நாள் அம்புலன்சில் ஏற்றி, அன்றிரவே சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்று நடக்கிறார். சலம் மட்டும் பழையபடி போவதில்லை.

அதனால்தான் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

அநேகமான நாரி நோ சில கிழமைகளில் தானாகவே குறையும். படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடுவது நல்லது. இதற்குச் சத்திரசிகிச்சை நிபுணர் தேவையில்லை.

நோ காலுக்கு இறங்கி, 6 கிழமையாகியும் குறையாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் திரும்பப் போங்கள். நிபுணரிடம் நாங்களாகப் போக முடியாது. குடும்ப வைத்தியர்தான் கடிதம் கொடுத்து அனுப்புவார். முள்ளந்தண்டின் இடைத்தட்டு விலகி நரம்பை அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. படத்தில் பார்ப்பார்கள். அப்படியிருந்தாலும் பலருக்கு வெட்டாமலே சுகம் வரும். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது என்றால் 6 கிழமை காத்திராமல் உடனே வைத்தியரைக் காணுங்கள்.

ஆனால் சலம் போகாமல் நின்றால், அல்லது சலமோ மலமோ அறியாமல் போனால், தொடைகளுக்கு நடுவே விறைத்தால், கால் பலமிழந்து பாதம் தூக்க முடியாமல் போனால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 911 அழையுங்கள். பிந்தினால் நரம்பு நிரந்தரமாகப் பழுதாகலாம்.

வேலையில் நாரி பிடித்தால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் வேலைக்காய நட்டஈட்டுக்கு டபிள்யூ.எஸ்.ஐ.பி. சபையிடம் 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏஜென்சி மூலம் வேலை செய்பவர்களுக்கும் இந்த உரிமை உண்டு.

வைத்தியரிடம் போகும்போது பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதுவித்துக் கொடுங்கள். வைத்தியருக்கு முன்னால் வெட்கம் வேண்டாம். எங்கள் நண்பர் அன்று வாய் திறந்திருந்தால் நாலு நாள் மிஞ்சியிருக்கும்.