பயிற்றுவிப்பாளரின் பையில் என்ன இருக்கிறது?

உடற்பயிற்சிப் பயிற்றுவிப்பாளர் ஒருவரைக் கண்டால் எங்களவர்கள் முதலில் கேட்பது, “பிள்ளைக்கு எந்த மாவு நல்லது? எந்த ரின்னை வாங்கிக் கொடுக்கலாம்?” என்பதுதான். என் சாச்சி, எங்கள் ஊரில் பெண்களுக்கான உடற்பயிற்சி நிலையமொன்றில் 8 வருடங்களாகப் பயிற்றுவிப்பவர். வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி அவரிடம் வந்துவிடும். ஆனால் அவர் நாள்தோறும் தோளில் மாட்டிச் செல்லும் பையில் மாவு ரின் எதுவும் இருப்பதில்லை. ஒரு சோடிச் சப்பாத்து, விளையாட்டு ஹிஜாப், ஸ்கிப்பிங் கயிறு, தண்ணீர்ப் போத்தல், இரண்டு ஜீவனிப் பக்கற்றுகள், அவித்த கடலை நிறைந்த ஒரு சிறு டப்பா ஆகியவையே அதில் இருக்கும்.

இவற்றை ஏன் அவர் விரும்புகிறார், விளம்பரங்களில் வரும் மற்றவற்றை ஏன் தவிர்க்கிறார் என்பதை உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவி என்ற வகையில் நான் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, படித்தும் பார்த்தேன். மாணவிகளான நமக்கும், நமக்காகப் பணம் செலவழிக்கும் பெற்றோருக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சப்பாத்தும் உடையும்

பணம் செலவழிக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது சப்பாத்து என்பார் சாச்சி. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் உடல் நிறையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் தாக்குகிறது. சப்பாத்தின் அடியிலுள்ள மென்மையான நுரைப்பகுதி அதில் ஒரு பங்கைத் தாங்கிக் கொள்கிறது. நாளடைவில் அந்த நுரை நசிந்து போகும். ஓட்டச் சப்பாத்தை 500 முதல் 800 கிலோமீற்றர் வரை பயன்படுத்தலாம் என்பது பொதுவான கணக்கு. மேற்புறம் புதிதாகத் தெரிந்தாலும் அடிப்புறம் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். வாங்குவதென்றால் மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுதும் நின்று நடந்த பின் பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும்.

அடுத்தது விளையாட்டு ஹிஜாப். பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சிக் கொண்டு ஈரமாகவே கிடக்கும். விளையாட்டுக்கென நெய்யப்படும் மெல்லிய பொலியெஸ்டர் துணி வியர்வையை வெளிப்புறத்துக்குக் கடத்துவதால் விரைவில் உலர்கிறது. ஊசி குத்தாமல் அணியக்கூடியது என்பதால் விளையாடும்போது காயம் ஏற்படும் பயமும் இல்லை. தலையை மறைத்து விளையாட சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014 இல் அனுமதி வழங்கியது. சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017 இல் வழங்கியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாப் அணிந்தே வாள்வீச்சில் வெண்கலப் பதக்கம் வென்ற அணியில் இடம்பெற்றார். “ஹிஜாபோடு எப்படி விளையாடுவது?” என்று இன்னமும் கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

ஸ்கிப்பிங் கயிறு

சாச்சியின் பையில் விலை குறைந்த பொருள் இதுதான். பயனில் கூடியதும் இதுதான். உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் உடலை இயக்க வேண்டும். அதில் வாரத்தில் 3 நாட்களாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் பயிற்சிகள் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் எலும்பு வலிமையில் 90 சதவீதம் வரை 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. உம்மும்மாவின் வயதில் எலும்பு முறியாதிருக்க வேண்டுமானால் அதற்கான சேமிப்பை இப்போதே செய்ய வேண்டியிருக்கிறது. துள்ளிக் குதிக்கும் பயிற்சி அதற்கு மிகப் பொருத்தமானது.

கயிற்றின் நடுவே ஒரு காலால் மிதித்து நின்று இரு பிடிகளையும் மேலே இழுத்தால் அவை அக்குள் வரை வர வேண்டும். அதுவே சரியான நீளம். வீட்டு முற்றமோ பின் கொல்லையோ போதும். வெளியே மைதானத்துக்குப் போக வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை.

தண்ணீரும் ஜீவனியும்

1965 இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் ரொபர்ட் கேட் குழுவினர், வெயிலில் களைத்து விழுந்த தங்கள் விளையாட்டு வீரர்களுக்காக உப்பும் சீனியும் கலந்த பானமொன்றைத் தயாரித்தனர். அதுவே கேற்றரேட். நீண்ட நேரம் கடும் வெயிலில் ஓடுபவருக்காகத் தோன்றிய பானம் அது. மாலையில் ஒரு மணித்தியாலம் வலைப்பந்து விளையாடும் மாணவிக்கு வெறும் தண்ணீர் போதும்.

ஜீவனியை சாச்சி வைத்திருப்பது அன்றாடம் குடிப்பதற்கல்ல. வயிற்றோட்டம், வாந்தி, நெடுநேர வியர்வை ஆகியவற்றால் உடலில் நீரும் உப்பும் குறைந்த ஒருவருக்கு உடனே கொடுப்பதற்காகும். சிறுகுடலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன, அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. இந்த எளிய உயிரியல் உண்மையே ஜீவனியின் இரகசியம். பக்கற்றில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் முழுவதையும் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றைக் கண்மட்டத்தில் கரைத்தால் உப்பின் அளவு பிழைத்துவிடும். கரைத்ததை 24 மணித்தியாலங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

சக்திப் பானங்கள் என்று விற்கப்படுபவை வேறு வகை. 250 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் பொதுவாக 80 மில்லிகிராம் அளவில் கஃபீன் இருக்கும். சிறுவருக்கும் கட்டிளம் பருவத்தினருக்கும் இவை பொருத்தமற்றவை என அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகம் 2011 இலேயே கூறிவிட்டது. பரீட்சைக் காலத்தில் விழித்திருப்பதற்காக இவற்றைக் குடிக்கும் மாணவிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

மென்பானம் வாங்கும்போது நம் நாட்டில் 2016 இல் நடைமுறைக்கு வந்த நிற அடையாளத்தைப் பாருங்கள். சீனி கூடினால் சிவப்பு, இடைப்பட்டால் செம்மஞ்சள், குறைந்தால் பச்சை. நிறத்தோடு நில்லாமல் கணக்கும் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராம் சீனி என்றால் 300 மில்லிலீற்றர் போத்தலில் 33 கிராம். நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், அதாவது 6 தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஒரே போத்தலில் அந்த எல்லை தாண்டிவிடுகிறது.

மாவு ரின்னும் அடுப்படியும்

வே புரத மாவு என்பது விஷப் பொருளல்ல. பாலிலிருந்து சீஸ் செய்யும்போது மிஞ்சும் நீரிலிருந்து பிரித்தெடுக்கும் புரதமே அது. 30 கிராம் மாவில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கும். கேள்வி என்னவென்றால், அது நமக்குத் தேவையா என்பதே.

நம் வயதில் ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.85 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ நிறையுள்ள மாணவிக்கு இது ஏறக்குறைய 43 கிராம். இப்போது வீட்டுச் சமையலைக் கணக்கிடுவோம். ஒரு முட்டையில் 6 கிராம், காலையில் 50 கிராம் பயறு அவித்தால் 12 கிராம், பகல் 100 கிராம் மீனில் 20 கிராம், இரவு 50 கிராம் பருப்பில் 12 கிராம். மொத்தம் 50 கிராம். சோற்றில் உள்ளதை இன்னும் சேர்க்கவில்லை. சோற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறைவான மெதியோனீன் சோற்றில் உண்டு. சோறும் பருப்பும் சேர்ந்த நம் பழைய சாப்பாடு ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் ஏற்பாடு. கௌபி, கடலை, நெத்தலிக் கருவாடு எல்லாம் இந்த வரிசையில் வருபவையே. நோன்பு காலத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்தபின் குடிக்கும் இறைச்சிக் கஞ்சியிலும் நீர், உப்பு, மாச்சத்து, புரதம் நான்கும் இருக்கின்றன.

ரின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் ஆதரவோடு ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 மேலதிக போசாக்குப் பொருட்களைப் பரிசோதித்தது. அவற்றுள் 94 பொருட்களில், லேபலில் குறிப்பிடாத ஹோர்மோன் சார்ந்த சேர்மங்கள் இருந்தன. நூற்றுக்கு ஏறக்குறைய 15. லேபலை வாசிக்கத் தெரிந்தவரையும் லேபல் ஏமாற்றலாம் என்பதற்கு இது சான்று.

களைப்பின் உண்மைக் காரணம்

என் வகுப்புத் தோழி ஒருத்தி வலைப்பந்து அணியில் விளையாடுபவள். ஒரு தவணை முழுவதும் அவளுக்கு மூச்சு வாங்கியது, வகுப்பில் தூக்கம் வந்தது. வீட்டார் கஷ்டப்பட்டு இரண்டு புரத ரின்கள் வாங்கிக் கொடுத்தார்கள். களைப்புப் போகவில்லை. விளையாட்டை நிறுத்திவிடுவோம் என்ற பேச்சும் எழுந்தது. சாச்சியிடம் அழைத்துச் சென்றபோது அவர் அவளுடைய கண் இமையின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு, “மாவெல்லாம் பிறகு பார்ப்போம் மகள். முதல்ல டொக்டர்கிட்ட காட்டி ரெத்தம் செக் பண்ணுங்க” என்றார். ஈமோகுளோபின் 9.4 என்று அறிக்கை வந்தது. 12 இருக்க வேண்டும். அவளுக்கு இருந்தது குருதிச்சோகை. வைத்தியர் தந்த இரும்புச்சத்து மாத்திரையோடு மூன்று மாதங்களில் அவள் மீண்டும் மைதானத்துக்கு வந்தாள்.

மாதாந்தம் குருதியை இழக்கும் பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை. 14 முதல் 18 வயதுக்கு ஆண்களுக்கு 11 மில்லிகிராம், பெண்களுக்கு 15 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் போசாக்கு வழிகாட்டல். மீன், இறைச்சியிலுள்ள இரும்பு இலகுவில் உறிஞ்சப்படும். கீரையிலும் பருப்பிலும் உள்ளது அவ்வளவு இலகுவாக உறிஞ்சப்படாது. தேசிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள விற்றமின் சீ அதற்கு உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்டி குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவலானது. அதை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. முருங்கைக்கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிவதற்கும் பெரிய செலவில்லை.

கைக்கடிகாரமும் பத்தாயிரமும்

காலடிகளை எண்ணும் கைக்கடிகாரம் சாச்சியிடம் உண்டு. ஆனால் 10,000 என்ற எண்ணை அவர் பொருட்படுத்துவதில்லை. 1965 இல் ஜப்பானிய நிறுவனமொன்று விற்ற காலடிமானியின் பெயரே “பத்தாயிரம் அடி மானி” என்பதாகும். அந்தப் பெயரிலிருந்து பரவியதே இவ்வெண். 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றில், சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களிடையே காலடிகள் கூடக்கூட இறப்பு வீதம் குறைந்தது. ஆனால் 7,500 அளவில் அந்தக் குறைவு நின்றுவிட்டது. எண்ணிக்கை குறைந்த நாளில் மனம் சோர்வதைவிட, பஸ்ஸிலிருந்து ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடப்பது மேல்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

சாதாரண தரம் முடிந்ததும் பிரத்தியேக வகுப்புகளுக்காகப் பெண் பிள்ளைகளின் விளையாட்டு நிறுத்தப்படுவதைப் பார்க்கிறோம். களைத்த பிள்ளைக்கு ரின் வாங்கித் தருவது அன்பினால்தான் என்பதை நாம் அறிவோம். அந்தப் பணத்தில் முதலில் ஒரு குருதிப் பரிசோதனை செய்யுங்கள். மிஞ்சியதில் காலுக்கு அளவான சப்பாத்து ஒன்று வாங்குங்கள். மாலையில் அதை அணிந்து ஓட ஒரு மணித்தியாலம் கொடுங்கள். பணத்தைவிட அந்த ஒரு மணித்தியாலம்தான் எங்களுக்குக் கிடைக்க அரிதாக இருக்கிறது.