இருதய நோய்க்கும் புற்று நோய்க்கும் உள்ள தொடர்பு

பெரிய மருத்துவமனைகளில் இருதய நோய்ப் பிரிவு ஒரு கட்டடத்திலும் புற்று நோய்ப் பிரிவு வேறொரு கட்டடத்திலும் அமைந்திருப்பது வழக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நோய்கள் என்னும் எண்ணம் பொது மக்களிடம் மட்டுமின்றி, மருத்துவர்களிடமும் நெடுங்காலம் நிலவி வந்தது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. உயிரணுக்கள் இடைவிடாது பிரிந்து பெருகும் உறுப்புகளிலேயே புற்று நோய் மிகுதியாகத் தோன்றுகிறது. இருதயத் தசையின் அணுக்களோ, மனிதன் வளர்ந்த பின்னர்ப் பிரிவதே அரிது. ஆகவே இருதயத்திலேயே தோன்றும் புற்று நோய் மிக அபூர்வம். ஒன்றின் இருப்பிடம் மற்றதற்கு இடந்தராததால், இரண்டுக்கும் உறவில்லை என்று கருதிவிட்டனர். ஆனால், நோய் தோன்றும் இடம் வேறாயினும் அதன் வேர் ஒன்றாக இருத்தல் கூடும்.

அவ்வேர்களுள் யாவரும் அறிந்தது புகையிலை. பீடியின் புகையிலுள்ள கரியமில ஓராக்சைடு, பிராணவாயு சேரவேண்டிய இடத்தை இரத்தத்தில் பற்றிக்கொள்கிறது. புகையின் பிற பொருள்கள் இரத்தக் குழாய்களின் மெல்லிய உட்சுவரைப் புண்படுத்தி, இரத்தம் எளிதில் உறையுமாறு செய்கின்றன. அதே புகையிலுள்ள பென்சோபைரீன் போன்றவை நுரையீரல் அணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. முன்னது மாரடைப்பிற்கும் பின்னது புற்று நோய்க்கும் வழி திறக்கிறது. புகைப்பதை நிறுத்தினால் கிடைக்கும் பயனில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. புகைத்ததால் கூடிய மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ ஓர் ஆண்டில் பாதியாகக் குறைகிறது. நுரையீரற் புற்று நோயின் அபாயம் பாதியாவதற்குப் பத்தாண்டுகள் வேண்டும். இரத்தத்தின் உறையுந் தன்மை விரைவில் சீர்படும். மரபுப் பொருளில் விழுந்த வடு அவ்வாறு மறைவதில்லை.

2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 100க்கு 28.6 பேர் ஏதேனுமொரு வடிவில் புகையிலையைக் கையாண்டனர். இவர்களில் புகைப்போரைக் காட்டிலும் மெல்லுவோரும் ஈறில் தேய்ப்போருமே மிகுதி. மகாராஷ்டிரத்துக் கிராமப் பெண்கள் பலர் 'மிஷ்ரி' எனப்படும் வறுத்த புகையிலைத் தூளைப் பல் துலக்கப் பயன்படுத்துகின்றனர். அதைப் பற்பொடி என்றே எண்ணுவதால், 'புகையிலைப் பழக்கம் உண்டா?' என்று கேட்டால் இல்லை என்றே விடை வரும். நம் பக்கத்தில் வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்ப்போரும் இத்தகையவர்களே. கேள்வியை அந்தந்த வட்டாரத்துப் பெயரால் கேட்டாலன்றி உண்மை வெளிவராது.

இரண்டாவது வேர் உடற்கொழுப்பு. இதைப்பற்றிப் புனேயில் நடந்த ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. அங்குள்ள கே.ஈ.எம். மருத்துவமனையைச் சார்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 1993 முதல் புனேக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் கருவுற்ற பெண்களையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்து வந்தனர். அக்குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை சுமார் 2.7 கிலோகிராம், இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் நகரக் குழந்தைகளின் எடையோ 3.5 கிலோகிராம். இவ்வளவு மெலிந்த குழந்தைக்குக் கொழுப்பும் அந்த அளவுக்குக் குறைந்திருக்க வேண்டுமென்றே எவரும் எண்ணுவர். அளந்து பார்த்தபோது, தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குன்றியிருந்தன. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே தோலடியிலுள்ள கொழுப்பு பெரிதும் குறையாமல் இருந்தது. 'மெலிந்த உடல், மிகுந்த கொழுப்பு' என்னும் இவ்வமைப்பு தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது என்பது இதனால் புலனாயிற்று.

வளர்ந்தவர்களிடமும் இதே நிலைதான். 2004இல் டாக்டர் யாஜ்னிக் தம்மையும் லண்டனைச் சேர்ந்த தம் நண்பர் டாக்டர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டு வெளியிட்ட குறிப்பு சுவையானது. உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3 தான். ஆயினும் யாஜ்னிக்கின் உடலில் கொழுப்பு 100க்கு 21.2 பங்கு, யுட்கினின் உடலில் 9.1 பங்கு. தராசை மட்டும் நம்புவோர் இவ்விருவரின் ஒளிப்படத்தை ஒருமுறை பார்ப்பது நலம்.

வயிற்றைச் சுற்றித் திரளும் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. பலவகை இரசாயனப் பொருள்களைச் சுரக்கும் ஓர் உறுப்புப் போன்றது. அது மிகும்போது இன்சுலினின் வேலை தடைப்படுகிறது. உடல் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறி இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. இன்சுலினோ அணுக்களை வளரத் தூண்டும் பொருளுமாகும். மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜனைக் கொழுப்புத் திசுவே உண்டாக்குகிறது. மார்பகப் புற்று நோய்க்கும் கருப்பை உட்சுவர்ப் புற்று நோய்க்கும் இது துணை புரிகிறது. மிகை உடற்கொழுப்புக்கும் 13 வகைப் புற்று நோய்களுக்கும் தொடர்பு உண்டென்று பன்னாட்டுப் புற்று நோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் அறிவித்தது. புனே ஆராய்ச்சி நீரிழிவையும் இருதய நோயையும் நோக்கி எழுந்ததே. அதைப் புற்று நோய்க்கும் நேர்ச் சான்றாகக் காட்டுவது முறையாகாது. எனினும், எடையைப் பார்த்து ஒருவருக்குக் கொழுப்பில்லை என்று முடிவு கட்டலாகாது என்னும் பாடம் இரு நோய்களுக்கும் பொருந்தும்.

காரணங்களைப் போலவே சிகிச்சையாலும் இவ்விரு நோய்களும் பிணைக்கப்பட்டுள்ளன. களப்பணியாளர் அதிகம் அறியாத பகுதி இதுவேயாதலால், சற்று விரித்துரைப்போம். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்கள் பற்பல மருந்துகளின் பிறப்பிடம். புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1954இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில், டாக்டர் எம். ஜே. திருமலாசாரும் அவருடைய குழுவினரும் இவ்வினத்திலிருந்துதான் காளான் நோய்களுக்குரிய ஹாமைசினை எடுத்தனர். அந்நுண்ணுயிருக்குப் பிம்ப்ரியின் பெயரையே சூட்டினர். ஏறக்குறைய அதே காலத்தில், இத்தாலியில் பழைய கோட்டையொன்றின் அருகே எடுத்த மண்ணிலிருந்த இதே இனத்து நுண்ணுயிர் ஒன்று சிவந்த நிறமுள்ள பொருளைத் தந்தது. அதன் வழியில் வந்த டாக்சோருபிசின், மார்பகப் புற்று நோய், இரத்தப் புற்று நோய் முதலியவற்றில் இன்றும் கையாளப்படும் முக்கிய மருந்தாகும்.

இம்மருந்து, புற்றணுவின் மரபுப் பொருளை அறுத்து மீண்டும் இணைக்கும் டோபோஐசோமரேஸ் என்னும் நொதியைப் பற்றிக்கொண்டு, அறுந்தது அறுந்தபடியே நிற்கச் செய்கிறது. இருதயத் தசையணுவிலும் அந்நொதியின் வேறொரு வடிவம் உள்ளது. அங்கும் சேதம் நேர்கிறது. குடல், தோல் முதலியவற்றின் அணுக்கள் அழிந்தால் புதியவை பிறக்கும். இருதயத் தசையணுவோ பிரிந்து பெருகுவதில்லை. இருதயத்தைப் புற்று நோயிலிருந்து காக்கும் அந்த இயல்பே, புற்று நோய் மருந்துக்கு அதை எளிய இலக்காக்குகிறது. தீங்கு மருந்தின் மொத்த அளவைப் பொறுத்தது. 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் பெற்றவர்களில் 100க்கு 5 பேருக்கும், 550 மில்லிகிராம் பெற்றவர்களில் 26 பேருக்கும், 700 மில்லிகிராம் பெற்றவர்களில் 48 பேருக்கும் இருதயச் செயலிழப்பு நேரிட்டது. ஆகவே வாழ்நாள் முழுவதற்குமான மொத்த அளவை மருத்துவர்கள் கணக்கிட்டே வழங்குகின்றனர். இடது மார்பகத்துக்குத் தரும் கதிர்வீச்சும் இருதயத்தின் இரத்தக் குழாய்களைத் தாக்கக்கூடும். ஆழ்ந்து மூச்சிழுத்து நிறுத்தியபடி கதிர்வீச்சுப் பெறும் முறையில் இருதயம் மார்புச் சுவரிலிருந்து சிறிது விலகி நிற்பதால், பாதிப்பு குறைகிறது.

இதைக் கேட்டு அஞ்சிச் சிகிச்சையையே கைவிடுவோர் உண்டு. அது தவறு. சிகிச்சை பெறாத புற்று நோய் உயிரைக் கொள்ளும். இருதயச் சேதத்தையோ தொடக்கத்திலேயே கண்டால் மருந்துகளால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். தொல்லை யாதெனில், அது ஐந்தாறு ஆண்டுகளோ அதற்கும் மேலோ கழிந்து தலைகாட்டக்கூடும். மாடியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று வரும் ஒரு பெண், முன்பு தனக்கு நடந்த மார்பகச் சிகிச்சையை அதனோடு சேர்த்து எண்ணுவதில்லை. சிலர் அதை மறைக்கவும் செய்வர்.

2010இல் தொடங்கப்பெற்ற தேசியத் திட்டம் புற்று நோய், நீரிழிவு, இருதய நோய், பக்கவாதம் ஆகியவற்றை ஒரே குடையின்கீழ் வைத்தது. 30 வயதைக் கடந்தோரிடம் ஆஷா பணியாளர் நிரப்பும் படிவத்தில் புகையிலை, மது, உடலுழைப்பு ஆகியவற்றோடு இடுப்புச் சுற்றளவும் கேட்கப்படுகிறது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் அதில் எல்லை. அளவு நாடாவைப் புடவை மடிப்பின்மேல் வைத்து அளந்து ஏதோ ஓர் எண்ணை எழுதுவதைவிட, அக்கட்டத்தைக் காலியாக விடுவதே மேல். மூச்சு வாங்குதல், கால் வீக்கம் என்று கூறுவோரிடம், முன்பு புற்று நோய்க்கு ஊசி மருந்தோ கதிர்வீச்சோ பெற்றதுண்டா என்று கேட்டு, பழைய மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் எடுத்துச் செல்லச் சொல்ல வேண்டும். அச்சீட்டில்தான் மருந்தின் மொத்த அளவு இருக்கும். இரத்தப் புற்று நோயிலிருந்து குணமடைந்து பள்ளிக்குத் திரும்பும் சிறுவனை ஆசிரியர் தாமாகவே விளையாட்டிலிருந்து ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. எதுவரை ஓடலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஓடும்போது அவன் மற்றவர்களைவிட முன்னதாகக் களைத்து அமர்கிறானா என்பதைக் கவனித்துப் பெற்றோருக்குத் தெரிவித்தால் போதும்.